நியூட்ரினோக்கள் கொண்டுபோகும் பங்கு
விண்கலத்தை எதிர்ப்பொருளால் (சாதாரணத் துகள்களின் எதிர்த்துகள்களால் ஆன பொருள்) இயக்கலாம் என்ற கட்டுரையில் வரும் ‘பொருளும் எதிர்ப்பொருளும் அழியும்போது நிறை முழுவதும் நூறு சதவீதம் பயன்படும் ஆற்றலாகிவிடும்’ என்ற வரியில் ‘பயன்படும்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதினால் சரி: பெரும்பாலும் தலா 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பறக்கும். ஆனால் விண்கலத்துக்காகக் கட்டுரை முன்வைப்பது புரோட்டானின் எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டானை. புரோட்டானோடு அது மோதியதும் முதலில் வருபவை பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள். மின்னூட்டமற்ற பையான் கணப்பொழுதில் காமா கதிர்களாகிவிடும். அவற்றைத் தடுக்கக் கனமான கவசம் வேண்டும். மின்னூட்டமுள்ள பையானின் ஆயுள் சுமார் 26 நானோவினாடி. காந்தப்புலத்தால் அதைத் திருப்பி உந்துவிசை பெற நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். பிறகு அது மியூவானாகவும் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) நியூட்ரினோவாகவும் (எதனோடும் அரிதாகவே வினைபுரியும் மின்னூட்டமற்ற துகள்) சிதையும், மியூவானும் சுமார் 2.2 மைக்ரோவினாடியில் சிதைந்து மேலும் இரண்டு நியூட்ரினோக்களை விடும். இப்படியே விட்டால் மொத்த ஆற்றலில் ஏறத்தாழப் பாதி நியூட்ரினோக்களோடு போய்விடுகிறது. பூமியையே ஊடுருவிச் செல்லும் அந்தத் துகள்களை எந்த எந்திரம் பிடிக்கும்? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் எதிர்ப்பொருளை வருங்கால மின் நிலையங்களின் எரிபொருள் என்கிறார். எரிபொருள் என்றால் தோண்டி எடுக்கக் கிடைக்க வேண்டும், நண்பரே. எதிர்ப்புரோட்டானைத் துகள் முடுக்கியில் நாமேதான் உண்டாக்குகிறோம், அதுவும் திரும்பக் கிடைப்பதைவிடப் பல கோடி மடங்கு ஆற்றலைச் செலவழித்து. இன்று எலக்ட்ரான்-பாசிட்ரான் அழிவு மனிதருக்கு உதவும் இடம் மருத்துவமனையின் பெட் ஸ்கேன் (PET) என்ற உடல் படப் பரிசோதனை. அங்கே அந்த இரு காமா கதிர்கள் புற்றுக்கட்டி இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.