ஒரு வரிதானே, மாற்றிவிடுங்கள்!

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி. மடிவாளாவிலிருந்து கிளம்பிய சேலம் பஸ், நான் உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் கடந்து இந்நேரம் அத்திப்பள்ளியைத் தொட்டிருக்கும். அதில் என் இருக்கை காலியாகப் போகிறது. இங்கே மென்பொருளைக் கட்டித்தரும் பிட்பேக் கருவி சிவப்பு எழுத்தில் பல்லைக் காட்டுகிறது.

வாடிக்கையாளர் செய்த பாதுகாப்புச் சோதனையில், கருவிகளை இணையத்தோடு இணைக்கும் எங்கள் கேட்வே பெட்டிக்குள், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் பழைய 1.0.2 பதிப்பு இருப்பது அகப்பட்டுவிட்டது. அதற்கான இலவச ஆதரவு 2019 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்குப் பின் வந்த 1.1.1-க்கும் 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. மகளுக்கே கருமாதி ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் தாயை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்!

"ரெசிபிக் கோப்பில் பதிப்பு எண் ஒரு வரிதானே, மாற்றிவிடுங்கள்" என்கிறார் மேலாளர். ஒரு வரியாம்! 1.1.0 வந்தபோதே, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் சாவியை வைத்திருக்கும் அமைப்பின் உள்ளறைகளை, வெளி நிரல்கள் நேராகத் தொட முடியாதபடி பூட்டிவிட்டார்கள். என்றோ வேலையை விட்டுப்போன புண்ணியவான் அதற்குள் நேராகக் கையை விட்டு எண்களை எடுத்திருக்கிறார். அந்த நிரல் கம்பைல் ஆகாது, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறாது. அதையாவது திருத்தலாம். 3.0-இல் பிளோஃபிஷ் என்ற பழைய குறியாக்க முறை, தானாக ஏறாத லெகசி புரொவைடர் என்ற தனிப் பகுதிக்குள் போய்விட்டது. எங்கள் அமைப்புக் கோப்பு பூட்டப்பட்டிருப்பது அதே பிளோஃபிஷில்தான். சமர்த்தாகக் கம்பைல் ஆகும்; பெட்டியை இயக்கினால்தான் கோப்பு திறக்காமல் கையை விரிக்கும்.

3.0 வேண்டுமென்றால், பெட்டியின் லினக்ஸைக் கட்டும் யோக்டோ தொகுப்பையே கிர்க்ஸ்டோன் பதிப்புக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால், ரெசிபிகளில் ஒரு மதிப்பை மேலெழுதும் பெயருக்கு முன் அடிக்கோடு இருந்த இடங்களிலெல்லாம் முக்காற்புள்ளி வேண்டும். மாற்றித்தர ஸ்கிரிப்ட் உண்டு, பாதிக் கிணறு தாண்டும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். சிப் விற்றவர்கள் கம்பைல் ஆன கோப்பாக மட்டும் கொடுத்த மோடம் பைனரியைத்தான் பொறுக்க முடியவில்லை. மூல நிரல் கிடையாது. பழைய ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் இல்லாமல் அசையாது. கேட்டால், புதிய சிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வயலில் நிற்கும் பெட்டிகளை நான் என்ன, பிடுங்கி நடவா முடியும்?

இது வரும் என்று 2020-லேயே எழுதினேன். "ஓடுகிறதே, ஏன் தொடுகிறீர்கள்?" என்று பதில் வந்தது. அன்று தொட்டிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும்.

இப்போது மேலாளரிடமிருந்து ஒரு செய்தி. சோதனையில் வந்த எச்சரிக்கைகளை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டு அறிக்கையில் வராமல் செய்ய முடியாதா என்று கேட்கிறார்.

முடியும். அது உண்மையிலேயே ஒரு வரிதான்.