பொதிகைத் தீர்த்தம்

(திருநெல்வேலி, குறுக்குத்துறை படித்துறை. மளிகைக்கடை அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். அவர் இறங்கியதில் ஆறு ஒரு படி ஏறியிருக்கிறது. கரையில் செல்வம் துணி அலசுகிறான்.)

அண்ணாச்சி: வே செல்வம், நீர் போய் வந்த மாதிரி இந்த வருசம் நானும் பொதிகைமலைக்குப் போகிறேன். தாமிரபரணி பிறக்கிற இடத்தைப் பார்த்தே ஆகணும்.

செல்வம்: நல்லது அண்ணாச்சி. முதலில் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுங்கள்.

அண்ணாச்சி: என்னவே! நம்ம ஆற்றைப் பார்க்க கேரளாவுக்கா?

செல்வம்: முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம், அந்த வழியாக விடமாட்டார்கள். கேரள வனத்துறைதான் ஜனவரியில் போனக்காட்டிலிருந்து விடும். ஆன்லைனில் முன்பதிவு செய்யணும்.

அண்ணாச்சி: நடை எவ்வளவு?

செல்வம்: முதல் நாள் அதிருமலை முகாம் வரைக்கும் 14 கிலோமீட்டர். அங்கே கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால், காலையில் இன்னும் 6 கிலோமீட்டர் ஏற்றம். கடைசியில் வழுக்குப் பாறை, கயிற்றைப் பிடித்துத்தான் ஏறணும். உச்சி 1868 மீட்டர்.

அண்ணாச்சி: கயிறு தாங்குமா?

செல்வம்: (அவரை மேலும் கீழும் பார்த்து) கயிறு கிடக்கட்டும். வடக்கே தாழ்ந்த உலகத்தைச் சமப்படுத்த, குள்ளமான அகத்தியர் ஒருத்தர் வந்து உட்கார்ந்ததே போதுமாக இருந்தது. நீங்களும் ஏறினால் தெற்கு தாங்குமா?

அண்ணாச்சி: நக்கலா? அட்டை கடிக்குமோ?

செல்வம்: கடிக்கிறது தெரியாது. சாக்ஸைக் கழற்றினால், ரத்தம் குடித்துக் கொழுத்து, கால்விரல் இடுக்கில் நாவல்பழம் மாதிரி தொங்கும்.

அண்ணாச்சி: சரி விடும். ஆறு பிறக்கிற இடம் எப்படி இருந்தது?

செல்வம்: ஒரே மேகம். என் கையே எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி: அப்புறம் எதில்வே எனக்குத் தீர்த்தம் பிடித்து வந்தீர்?

செல்வம்: (துணியை வேகமாக அலசுகிறான்) வழியில் ஒரு ஓடை, நல்ல பளிங்குத் தண்ணீர். கும்பிட்டு, ஸ்டீல் பாட்டிலில் பிடித்தேன். அதற்கப்புறம்தான் வழிகாட்டி சொன்னார், அது மேற்கே பாய்ந்து கரமனை ஆறாகத் திருவனந்தபுரம் போகிற தண்ணீராம்.

அண்ணாச்சி: அடப்பாவி! பொதிகைத் தீர்த்தம் என்று சொல்லி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மூடி பத்து ரூபாய்க்குக் கொடுத்தேனே! மூன்று மாதமாக!

செல்வம்: மூன்று மாதமா? நான் கொடுத்தது ஒரே ஒரு லிட்டர்தானே?

அண்ணாச்சி: (அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி) அது ரெண்டே நாளில் தீர்ந்துபோச்சு. அப்புறம் விடியற்காலையில் வந்து, இதே படித்துறையில் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

செல்வம்: அப்படியானால் கவலையை விடுங்கள் அண்ணாச்சி. அந்த ரெண்டு நாள்தான் கலப்படம். மற்றதெல்லாம் அசல் தாமிரபரணி!