நகல் என்பது பாதி உண்மைதான்

இந்திய அரசியல் சட்டம், பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் நகல் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஆளுநர் பதவி, மத்திய-மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியல்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை, சரி. அம்பேத்கரே 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் அடிப்படை உரிமைகள்? அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது: 1928-இல் இந்தியத் தலைவர்களின் மோதிலால் நேரு குழு உரிமைப் பட்டியல் போட்டது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் இலவசத் தொடக்கக் கல்வி, தொழிலாளர் பாதுகாப்பு வரை போனது.

அப்புறம் வாக்குரிமை. 1935 சட்டப்படி சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி காட்டினால்தான் ஓட்டு. நிலமோ எழுத்தறிவோ இல்லாத என் பாட்டி முதல் பொதுத்தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அந்த உரிமையை 1935 சட்டம் அவருக்குத் தரவில்லை.