நாய் வரி மட்டும்தானா?

"இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1848 மாத்தளைக் கிளர்ச்சி வெறும் நாய் வரிக்காகத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாய் வரி இருந்தது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமல்ல. பிரிட்டிஷ் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கி, வண்டி, கடை எல்லாவற்றின் மேலும் வரி போட்டார். அதைவிட எரிச்சல் மூட்டியது வீதிச் சட்டம். ஆண்கள் வருடத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். பிக்குகளுக்கும் இதில் விலக்கில்லை. போதாதா?

அதற்கும் முன்னே போக வேண்டும். 1840 சட்டப்படி, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, சேனைப்பயிர் (காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிச் செய்யும் பயிர்) செய்த கண்டிக் கிராமத்து ஆளிடம் ஏது பத்திரம்? அந்த நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர்கள் கைக்குப் போயின. அப்புறம் கோப்பி விலை சரிந்து அரசு வருமானம் குறைய, புது வரிகள் வந்தன. தோட்டங்களுக்கு வீதி வேண்டும், உழைப்பு மட்டும் கிராமத்தானுடையது!

கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டாவைத் தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டியதையும் மறக்க வேண்டாம். நாய்க்கு வரி என்பதற்காக யாரும் அரசனைத் தேடிப் போகமாட்டார்கள்.