கூலண்ட் பனிக்காக மட்டும் அல்ல

வீட்டிலேயே ரேடியேட்டர் மாற்றுபவர்கள் அதில் குழாய்த் தண்ணீரை நிரப்பினாலே போதும், கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பனி பெய்யும் நாடுகளுக்கு மட்டுமே தேவை என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். கோலாலம்பூரில் தண்ணீர் உறையாது என்பது உண்மைதான். ஆனால் உறைவதைத் தடுப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் அலுமினிய ரேடியேட்டரையும் என்ஜினின் உட்புற நீர்வழிகளையும் காக்கின்றன. கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கரைசல் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால், கோலாலம்பூர் அருகே உள்ள கெந்திங் மலை ஏறும் கார்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பும் தருகிறது. (வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை, நடுவழியில் ஒழுகினால், பணிமனை சேரும் வரை தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை.)

இதைச் சரிபார்க்க என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. காருடன் வந்த கையேட்டில் கூலண்ட் பற்றிய பக்கத்தைத் திறந்தால், நம் காருக்கு எந்த வகை, எத்தனை லிட்டர், எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் காணலாம். பல ஆண்டுகள் வெறும் தண்ணீரில் ஓடிய காராக இருந்தால், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பழைய ரேடியேட்டரிலிருந்து வடியும் நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து அதன் நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் துருநிறமாகவே இருக்கும்.