டேங்க் கழுவுகிற தண்ணீருக்கு ஒரு குழி வேண்டும்

நேற்று சாயங்காலம் எங்கள் வாய்க்கால் படித்துறையில் ஒரு தம்பி மருந்தடித்த டேங்கைக் கவிழ்த்து அலசிக்கொண்டிருந்தார். பால் போல வெள்ளையாக விரிந்தது தண்ணீர். பத்தடி தள்ளி ஒரு அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே படியில் பல வருஷம் கழுவியவன்தான். வேறு எங்கே கொட்டுவது என்று எங்கள் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஐரோப்பாவில் குடிநீரில் ஒரு பூச்சிமருந்து லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது (கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்). கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கோடி லிட்டர் தண்ணீர் அந்த அளவை எட்ட 1 கிராம் விஷம் போதும். புட்டியைத் திறந்ததும் கிழித்து எறிகிறோமே, அந்த ஈயத்தாளில் ஒட்டியிருக்கும் சொட்டுகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மருந்து கலக்கும்போதும் டேங்க் கழுவும்போதும் சிந்துவதைப் பிடிக்க ஸ்வீடன் விவசாயிகள் 1993 முதலே ஒரு குழி வைத்திருக்கிறார்கள். அடியில் களிமண். அதன்மேல் அரை மீட்டருக்கு வைக்கோல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, சதுப்புநிலக் கரிமண் ஒரு பங்கு. மேலே புல். வைக்கோலை மக்கவைக்கிற பூஞ்சைகள் சுரக்கும் நொதிகளே மருந்தையும் உடைக்கின்றன. எங்கே சிந்தியது என்பதைக் கருகிய புல் காட்டிக்கொடுத்துவிடும். இத்தாலியில் கரிமண்ணுக்குப் பதில் கம்போஸ்ட் போட்டார்கள். நம்மிடம் வைக்கோலுக்கும் எருவுக்குமா பஞ்சம்? ஆனால் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும். ஆகவே அடியில் கெட்டியான தார்ப்பாயும் மேலே தகரக் கூரையும் இல்லாமல் இங்கே இந்தக் குழியை வெட்டவே கூடாது.

வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். வெறும் வெயிலில் பெரும்பாலும் தண்ணீர் ஆவியாகும், விஷம் அடியில் தங்கும். ஸ்பெயினின் அல்மேரியாவில், காலி மருந்துப் புட்டிகளைக் கழுவிய தண்ணீரில் அமிலமும் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் வெயில் படும்படி ஓடவிட்டிருக்கிறார்கள். மருந்து பாதி உடைந்ததும் மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அருமையான வேலை. ஆனால் அமிலம், பெராக்சைடு எல்லாம் தனி விவசாயி கையில் கொடுக்கிற சாமான் இல்லை. கூட்டுறவுச் சங்கம் எடுத்துச் செய்யலாம். நமக்குக் குழிதான். ஒன்று மட்டும்: செம்பு கலந்த மருந்து இதில் அழியாது, மண்ணிலேயே சேரும்.

தெளிப்பான் வாங்க மானியம் தருகிறவர்கள் அதைக் கழுவ ஊருக்கு ஒரு குழிக்கும் தர வேண்டும். அதுவரை முதல் அலசல் தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இடம் பார்த்துவிட்டேன். அறுப்பு முடிந்து வைக்கோல் வந்ததும் வேலை ஆரம்பம். அந்தத் தம்பியும் மண்வெட்டியோடு வருகிறேன் என்றிருக்கிறார்.