மதிலில ஒரு மான்

கலை வாழுற ஒழுங்கை எண்டு எங்கட தெருவை இப்ப எல்லாரும் புகழுகினம். வாழட்டும். நான் எப்ப நித்திரை கொள்ளுறது?

திருகோணமலையில, டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கிட்ட வீடு. இடப்பக்கத்தில மிருதங்க வகுப்பு. வலப்பக்க மாடியில நாடக ஒத்திகை, மூண்டு கிழமையா ஒரே அழுகைக் காட்சி. முதல்நாள் ஆரோ செத்துப்போச்சினமாக்கும் எண்டு அம்மா செருப்பும் போடாமல் ஓடினவ. இப்ப அவவே வசனம் எடுத்துக் குடுக்கிறா.

அதையும் பொறுக்கலாம். மதில்தான் பொறுக்கேலாமல் கிடக்கு. ஓவியம் கீறட்டோ எண்டு பெடியள் கேட்டாங்கள், தலையாட்டிப்போட்டன். (1624 இல கோணேசர் கோயில் கல்லை எடுத்து, இப்பத்தைய பிரெட்ரிக் கோட்டையைக் கட்டின போர்த்துக்கேயர் ஆரிட்டயும் கேட்கேல்லை. இவங்கள் கேட்டாவது கீறினாங்கள்.) புள்ளிமான், பின்னால கோணேசர் மலையில இருக்கிற இராவணன் வெட்டுப் பாறைப் பிளவு. வடிவுதான், இல்லையெண்டில்லை. ஆனா என்ர சைக்கிள் சீற்றில நீலப் பெயின்ற் மூண்டு சொட்டு இன்னும் போகேல்லை. பின்னேரமானா படமெடுக்க வாறவை படலையை மறிச்சு நிக்கினம். "அண்ணை, அந்தச் சாரத்தைக் கொஞ்சம் எடுக்கிறீங்களோ, படத்தில விழுது" எண்டு ஒரு பிள்ளை. என்ர சாரம், என்ர கொடி!

இதுக்குள்ள பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து உண்மையான புள்ளிமான் ஒண்டு வந்து, படலைக்கு மேலால தலையை நீட்டி, செவ்வரத்தை மொட்டு முழுக்கத் திண்டிட்டுப் போகுது. அதை ஒருத்தரும் படமெடுக்கேல்லை. எல்லாரும் மதிலைப் பாத்துக்கொண்டு நிக்கினம்.